தொளதொள பேன்ட்டும் சம்பளப் பட்டியலும்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. 1992-ல் துபாயிலிருந்து முதல் லீவில் ஊருக்கு வந்த என் மாமா, மன்னார்குடியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. பின்னால் பெயின்ட்டில் வரைந்த அருவி. பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா. நடுவே மாமா. கறுப்புக் கண்ணாடி, கையில் டூ-இன்-ஒன். இடுப்புக்குக் கீழே... அதை பேன்ட் என்று சொல்ல மனசு வரவில்லை. இடுப்பில் இறுக்கம், கணுக்காலில் இறுக்கம். நடுவில் ஒரு மூட்டை நெல்லைக் கொட்டிக் கட்டிவிடலாம். அவ்வளவு தொளதொள!

அதைப் பார்த்துவிட்டுப் பாட்டி, "ஏன்டா, துபாய்ல தையக்காரன் அளவே எடுக்க மாட்டானா?" என்று கேட்டாளாம்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அமெரிக்காவுல இப்ப இதான் பேஷன். ஹாமர் பேன்ட்டு!"

அப்போது எனக்கு நாலு வயசு. ஹாமர் என்றால் சுத்தியல் என்றுகூடத் தெரியாது. பிற்பாடு பி.காம். படித்து, கணக்கு வழக்கு, ஐந்தொகை, திவால் சட்டம் எல்லாம் உருப்போட்ட பிறகுதான் அந்த பேன்ட்டின் சொந்தக்காரரைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொண்டேன். பாட்டைக் கேட்டு அல்ல சார். கடன் கணக்கைப் படித்து! பி.காம். படித்தவன் புத்தி வேறெங்கே போகும்?

எம்.சி. ஹாமர். இயற்பெயர் ஸ்டான்லி கிர்க் பர்ரல். 1990-ல் உலகத்தையே ஆட்டிவைத்த ராப் பாடகர். 1996-ல் திவால். நடுவே ஆறே வருஷம். நம்மில் பலர் பிராவிடண்ட் ஃபண்ட் அக்கவுன்ட்டை மாற்றவே அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படி ஒருவர் கவிழ்ந்தால் நாம் உடனே என்ன சொல்வோம்? "குடிச்சிருப்பான்... சூதாடியிருப்பான்... பொம்பளை விஷயமா இருக்கும்..." ஹாமர் விஷயத்தில் மூன்றுமே இல்லை. 1985-ல் கல்யாணம் செய்துகொண்ட அதே மனைவிதான் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கூட இருந்தார். அப்புறம் எப்படி? அதுதான் கதை. ஆபீஸில் மாசச் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு இளைஞனும் ஒருமுறை படித்து வைக்க வேண்டிய கதை.

பேட் எடுத்துக் கொடுத்த பையன்

1962-ல் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரில் பிறந்தவர் ஹாமர். நிறைய பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம். பக்கத்தில் பெரிய பேஸ்பால் மைதானம். ஓக்லண்ட் ஏ'ஸ் என்ற அணியின் சொந்த மைதானம் அது. அதன் வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் பையன் டான்ஸ் ஆடிக்கொண்டிருப்பான். வருகிற ஜனங்கள் காசு போடுவார்கள். நம்ம ஊர் திருவிழாவில் கூத்து கட்டுகிற மாதிரிதான்.

ஒருநாள் அணியின் முதலாளி சார்லி ஃபின்லியின் கண்ணில் பட்டான் பையன். உடனே வேலை கிடைத்தது. ஆட்டக்காரர்களுக்கு பேட் எடுத்துக் கொடுக்கிற எடுபிடி வேலை. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. முதலாளி வெளியூரில் இருக்கும்போது, மைதானத்தில் என்ன நடக்கிறது என்று போனிலேயே நேர்முக வர்ணனை சொல்ல வேண்டும். பதின்மூன்று வயசில் முதலாளியின் காது! ஹாங்க் ஆரன் என்ற பேஸ்பால் மன்னருக்கு 'ஹாமர்' என்று பட்டப்பெயர். பையன் அவர் சாயலில் இருந்ததால் ஆட்டக்காரர்கள் இவனுக்கும் அதையே வைத்துவிட்டார்கள்.

பேஸ்பால் ஆட்டக்காரனாக ஆசைப்பட்டார். நடக்கவில்லை. கடற்படையில் சேர்ந்து மூன்று வருஷம் வேலை பார்த்தார். என்ன வேலை தெரியுமா? விமானப் பிரிவு ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கு! அதாவது எந்த சாமான் வந்தது, எது போனது, கையிருப்பு என்ன என்று எழுதுகிற வேலை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஹீரோ கணக்கு தெரியாத ஆசாமி இல்லை.

கடற்படையை விட்டு வந்ததும் பாட்டு. ரிக்கார்டு போட முதல் வேண்டுமே? பழைய பழக்கத்தில் ஏ'ஸ் அணி ஆட்டக்காரர்கள் இரண்டு பேரிடம் தலைக்கு 20,000 டாலர் வாங்கினார். சொந்தமாக ரிக்கார்டு கம்பெனி ஆரம்பித்தார். பாடுவதும் அவரே, விற்பதும் அவரே. கார் டிக்கியில் ரிக்கார்டுகளை அடுக்கிக்கொண்டு கடை கடையாக, கிளப் கிளப்பாகப் போனார். 'ஃபீல் மை பவர்' என்ற அந்த முதல் ஆல்பம் அப்படியே 60,000 பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். அப்புறம்தான் கேப்பிடல் ரிக்கார்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி தேடி வந்தது. பழைய பாட்டுகளோடு சில புதுப் பாட்டுகளைச் சேர்த்து 1988-ல் வெளியிட்டார்கள். இருபது லட்சத்துக்கு மேல் போயிற்று.

இதுவரை பாருங்கள்... ஒரு தப்பு உண்டா? சொந்த உழைப்பு, சின்ன முதல், நேரடி விற்பனை. என் காலேஜ் காமர்ஸ் வாத்தியார் பார்த்திருந்தால் கட்டிப் பிடித்து நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

பஸ்ஸில் பிறந்த கோடிகள்

1990 பிப்ரவரியில் வந்தது அடுத்த ஆல்பம். 'ப்ளீஸ் ஹாமர் டோன்ட் ஹர்ட் எம்'. டூர் போகிற பஸ்ஸின் பின்பக்கத்தில் கருவிகளை வைத்துக்கொண்டு பெரும்பாலும் ஓட்டத்திலேயே பதிவு செய்தது. செலவு 10,000 டாலர் அளவுதான் என்று எழுதினார்கள். விற்றது? அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகள்! ராப் ஆல்பம் ஒன்று அந்த எல்லையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பில்போர்டு பட்டியலில் 21 வாரம் முதலிடம். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், வெள்ளி விழாவுக்கு நாலு வாரம் பாக்கி.

அதில்தான் அந்தப் புகழ்பெற்ற பாட்டு இருக்கிறது. 'யு கான்ட் டச் திஸ்'. தமிழில் சொன்னால், இதை உன்னால் தொட முடியாது. அமெரிக்காவில் அதைச் சாதாரண சிங்கிளாக விற்காமல் பெரிய சைஸ் தட்டாக மட்டும் விட்டார்கள். கேசட்டில் வேண்டுமா? முழு ஆல்பத்தையும் வாங்கு! கெட்டிக்காரத்தனம்தான்.

அந்தப் பாட்டின் அடிநாதம் ஹாமருடையது அல்ல. ரிக் ஜேம்ஸ் என்பவர் 1981-ல் போட்ட 'சூப்பர் ஃப்ரீக்' பாட்டின் மெட்டை எடுத்து அதன்மேல் தன் வரிகளை வைத்திருந்தார். ரிக் ஜேம்ஸ் சும்மா இருப்பாரா? கேஸ் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆயிற்று. பாட்டை எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது, வருமானத்தில் பங்கும் போயிற்று. 1991-ல் அந்தப் பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தபோது அதிலும் ரிக் ஜேம்ஸுக்குப் பங்கு. யாரும் தொட முடியாது என்று பாடின பாட்டையே ஒருத்தர் தொட்டுவிட்டார்!

அப்புறம் என்ன... பெப்சி விளம்பரம், டாக்கோ பெல் விளம்பரம், பார்பி பொம்மை செய்கிற மேட்டல் கம்பெனி போட்ட ஹாமர் பொம்மை, டி.வி.யில் ஹாமர் கார்ட்டூன். மற்ற ராப் பாடகர்கள் சிரித்தார்கள். "இவன் பாடகனா, விளம்பரப் பலகையா?" என்றார்கள். பிற்காலத்தில் சிரித்தவர்கள் வகையறாவே ஷூ, சென்ட், பானம் என்று கடை விரித்தது வேறு கதை. வழி போட்டவன் அடி வாங்குவான், பின்னால் வருகிறவன் ஜம்மென்று நடப்பான்.

1991-ல் அவருடைய வருமானம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டாலர் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்குப் போட்டது. அந்த வருஷம் ஜூலையில்தான் நம்ம ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் சுமார் 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 80 கோடி ரூபாய்க்கு மேல். ஒரே வருஷத்தில்!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பி.காம். முதல் வருஷப் பாடம் ஒன்று சொல்கிறேன். வருமானம் வேறு, சொத்து வேறு. வருகிற பணத்தில் வரி உண்டு, மேனேஜர் கமிஷன் உண்டு, வக்கீல் ஃபீஸ் உண்டு, டூர் செலவு உண்டு. மிச்சம்தான் நம்முடையது. ஆனால் '3 கோடியே 30 லட்சம்' என்று பத்திரிகையில் பார்த்தால் ஊர்க்காரனும் சொந்தக்காரனும் என்ன நினைப்பான்? அவ்வளவும் பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கிறது என்று நினைப்பான். போகப் போக நாமே அப்படி நினைக்க ஆரம்பித்துவிடுவோம். அதுதான் ஆபத்து.

பதினாறு கிரவுண்டு வீடு

ஃப்ரீமான்ட் என்ற ஊரின் மலைச்சரிவில் ஹாமர் வீடு கட்டினார். கட்டடம் மட்டும் 40,000 சதுர அடி என்று எழுதினார்கள். சென்னைக் கணக்குக்கு, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால், பதினாறு கிரவுண்டுக்கு மேல்! சலவைக்கல், நீச்சல் குளம், உள்ளேயே ரிக்கார்டிங் ஸ்டுடியோ. ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் செலவு என்று பேச்சு.

அப்புறம் குதிரைகள். நிஜமான பந்தயக் குதிரைகள். அதிலும் ஆள் தோற்கவில்லை. குடும்பத்தின் லாயத்தில் இருந்த 'லைட் லைட்' என்ற குதிரை 1991-ல் கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்தை வென்றது. 'டான்ஸ் ஃப்ளோர்' என்ற இன்னொன்று 1992 கென்டக்கி டெர்பியில் மூன்றாவதாக வந்தது. ஆனால் குதிரை இருக்கிறதே, ஓடினாலும் தின்னும், நின்றாலும் தின்னும்.

எல்லோரும் இந்த வீட்டையும் குதிரையையும்தான் பேசுவார்கள். கணக்குப் பிள்ளையின் கண் வேறு ஒரு வரியில் நிற்கும். அந்த வரி, சம்பளப் பட்டியல்.

ஹாமரிடம் சம்பளம் வாங்கியவர்கள் சுமார் 200 பேர் என்று சொல்லப்பட்டது. டான்ஸர்கள், பாட்டுக்காரர்கள், பாதுகாப்பு ஆட்கள், உதவியாளர்கள், கூட வளர்ந்த சிநேகிதர்கள், ஓக்லண்ட் தெருக்களில் வேலையில்லாமல் நின்ற பையன்கள். மாதச் சம்பளம் மட்டும் 5 லட்சம் டாலர். தலைக்குச் சராசரி 2,500 டாலர். வருஷத்துக்கு 60 லட்சம் டாலர்.

சம்பாதித்த உச்ச வருஷத்தில் இது ஒன்றும் பெரிசில்லை. 3 கோடியே 30 லட்சத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் ஒரு சின்ன சங்கடம். ஆல்பம் எப்போதாவது வரும். சம்பளத் தேதி மாசாமாசம் வரும்!

1991 கடைசியில் அடுத்த ஆல்பம் 'டூ லெஜிட் டு க்விட்' வந்தது. அதன் தலைப்புப் பாட்டின் வீடியோ, அந்தக் காலத்தில் ஏகச் செலவில் எடுத்த வீடியோக்களில் ஒன்று. ஆல்பம் முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் பாயசம் வைத்திருப்பார்கள். ஆனால் ஒரு கோடி விற்ற மனுஷனுக்கு முப்பது லட்சம் என்பது சரிவு. வரவு மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. அதே வீடு, அதே குதிரை, அதே 200 பேர்.

ரசிகர்களின் ருசியும் மாறிவிட்டது. தெருச் சண்டை, துப்பாக்கி, வசை என்று ராப் இறுகிப்போன காலம். ஜிகினா பேன்ட்டில் குதித்து ஆடுகிறவரைப் பார்த்துப் பையன்கள் கேலி செய்தார்கள். 1994-ல் ஹாமரும் முகத்தை முறைப்பாக வைத்துக்கொண்டு 'தி ஃபங்கி ஹெட்ஹன்டர்' என்று ஒன்று போட்டார். எடுபடவில்லை. குடும்பப் படம் எடுத்துப் பேர் வாங்கினவர் திடீரென்று அருவாளோடு போஸ்டரில் நின்றால் தியேட்டரில் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

1996 ஏப்ரலில் திவால் மனு. கடன் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர் அளவுக்கு. ஆசைப்பட்டுக் கட்டின வீடு, கட்டின செலவில் பாதிக்கும் குறைவாக விலை போயிற்று.

ட்ரீட்டும் கடமையும்

எங்கே தப்பு?

ஆபீஸில் புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளத்தில் ரூமில் இருக்கும் நாலு பேருக்கும் பிரியாணி வாங்கித் தருகிறான். எல்லோரும் தோளில் தூக்காத குறை. இரண்டாவது மாசமும் தருகிறான். "மச்சான், நீ தங்கம்டா!" மூன்றாவது மாசம் கையில் காசில்லை. சும்மா இருக்கிறான். அப்போது என்ன கேட்பார்கள்? "என்னடா, இந்த மாசம் பிரியாணி இல்லையா?"

முடிந்தது. முதல் மாசம் அன்பளிப்பு, மூன்றாவது மாசம் கடமை. கணக்குப் பாஷையில் நிரந்தரச் செலவு. கடை திறந்தாலும் மூடினாலும் கட்டியே ஆக வேண்டிய வாடகை மாதிரி. ஹாமர் கொடுத்தது தப்பில்லை. கொடுத்ததை மாசச் சம்பளமாக ஆக்கியதுதான் தப்பு. வெள்ளம் வந்த வருஷத்தின் தண்ணீர் அளவை வைத்து அத்தனை வாய்க்காலையும் வெட்டிவிட்டார். மறு வருஷம் ஆறு வற்றியது. வாய்க்கால்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கு எழுதினவருக்கு இது தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் கூட வளர்ந்தவனிடம் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்ல வாய் வர வேண்டுமே! கூட்டல் கழித்தல் சுலபம். கழித்தலில் ஆள் பெயர் வந்தால்தான் கை நடுங்கும்.

இதே கால கட்டத்தில் இன்னொருத்தர். வனிலா ஐஸ். 1990-ல் ஹாமரின் டூரில் முன்னால் பாடியவர். ஹாமரின் ஆல்பத்தையே முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு 16 வாரம் உட்கார்ந்தது இவருடைய ஆல்பம். அவர் பாட்டின் ஜாடையில்தான் பாபா சேகல் 1992-ல் இந்தியில் 'தண்டா தண்டா பானி' போட்டார். அந்த வனிலா ஐஸும் பாட்டில் சீக்கிரமே இறங்கிவிட்டார். பழைய வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் தொழிலில் இறங்கி, 2010-ல் அதையே டி.வி. நிகழ்ச்சியாகவும் ஆக்கிவிட்டார். ஒருத்தர் வீடு கட்டிக் கெட்டார், இன்னொருத்தர் வீடு விற்றுப் பிழைத்தார்!

விழுந்த பிறகு

நம்ம ஊரில் ஒருத்தன் கடன்பட்டுவிட்டால் முதலில் என்ன செய்வான்? ஊர் மாறுவான். கல்யாண வீட்டுக்கு வர மாட்டான். போனை எடுக்க மாட்டான். ஹாமர் ஒளியவில்லை.

1990-களின் கடைசியில் மதபோதகர் ஆனார். டி.வி.யில் தோன்றினார், கல்யாணங்கள் நடத்தி வைத்தார். 2003-ல் பழைய பிரபலங்களை ஒரே வீட்டில் தங்க வைத்துப் படம் பிடிக்கிற நிகழ்ச்சி ஒன்றில் சேர்ந்தார்.

2005-ல் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவின் பெரிய ஃபுட்பால் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி விளம்பரம். மாளிகை முன்னால் பளபள பேன்ட்டில் ஹாமர் ஆடுகிறார். அடுத்த காட்சியில் அதே ஹாமர், வீடு ஜப்தியாகி, தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாழ்க்கை எப்போது வேண்டுமானாலும் மாறும், இன்ஷூரன்ஸ் எடு என்பது சங்கதி. தன் திவாலையே நடித்துக் காட்டி அதற்கும் சம்பளம் வாங்கிவிட்டார் மனுஷன்! நஷ்டக் கணக்கை வரவுக் கணக்கில் எழுதிய வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு கம்ப்யூட்டர் உலகம். ஓக்லண்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தானே சிலிக்கன் பள்ளத்தாக்கு! புதுக் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொன்னார், சிலவற்றில் முதலீடும் செய்தார். 2008-ல் 'டான்ஸ்ஜாம்' என்ற நடன வீடியோ தளத்தைக் கூட்டாளிகளோடு ஆரம்பித்தார். அது நிலைக்கவில்லை. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களில் போய்ப் பேசினார். 2012-ல் கங்னம் ஸ்டைல் புகழ் கொரியப் பாடகர் சை, அமெரிக்க இசை விருது விழாவில் ஆடியபோது, பக்கத்தில் கிடுகிடுவென்று வந்து ஆடியது யார்? நம்ம ஹாமர். வயசு ஐம்பது! 2020-ல் ஒரு நொறுக்குத் தீனி விளம்பரத்தில் மறுபடி அதே தொட முடியாத பாட்டு.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். வருமான வரிக்காரர்கள் விடவில்லை. 1996, 1997 வருஷங்களின் வரி பாக்கி என்று சுமார் 8 லட்சம் டாலர் கேட்டார்கள். கட்டியாகிவிட்டது, ரசீது இருக்கிறது என்றார் ஹாமர். 2015-ல் அப்பீல் கோர்ட்டு, கட்டத்தான் வேண்டும் என்றுவிட்டது. புகழ் ஆறு வருஷத்தில் போய்விடும். வரி பாக்கி பத்தொன்பது வருஷம் கழித்தும் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்.

தன் பணம் எங்கே போயிற்று என்று கேட்கிறவர்களிடம் ஹாமர் திரும்பத் திரும்பச் சொல்கிற பதில் ஒன்றுதான். என் ஊர் ஜனங்களுக்கு வேலை கொடுத்தேன் என்பது. முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சமாளிக்கிறார் என்று தோன்றியது. கையில் பேனாவை எடுத்து அவர் ஐந்தொகையில் பெரிய சிவப்பு வட்டம் போட்டேன்.

அந்த மிதப்பில்தான் போன மாசம் கும்பகோணத்துக்கு மாமாவைப் பார்க்கப் போனேன்.

மாமாவின் கேள்வி

மாமா 2003-ல் துபாயை விட்டு வந்தவர். பதின்மூன்று வருஷம் அங்கே ஏ.சி. மெக்கானிக். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் இரண்டு தங்கைகளின் கல்யாணம், பெரியப்பா ஆபரேஷன், கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, மன்னார்குடிப் பக்கத்தில் மாடி வீடு. லீவில் வந்தால் தெரு முழுக்க நிடோ பால் பவுடரும் சென்ட் பாட்டிலும். மாசாமாசம் ஏழெட்டு வீட்டுக்கு மணியார்டர், டிராஃப்ட். கான்ட்ராக்ட் முடிந்து வந்தபோது கையில் ஒரு பெட்டி, தலையில் கடன். மாடி வீடு ஒன்றரை வருஷத்தில் போயிற்று.

இப்போது கும்பகோணத்தில் ஒரு சின்னக் கடை. ஏ.சி., ஃப்ரிட்ஜ் சர்வீஸ். அறுபது வயசிலும் ஏணி ஏறுகிறார்.

டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஹாமர் கதையைச் சொன்னேன். 200 பேர், 5 லட்சம் டாலர், நிரந்தரச் செலவு, வாய்க்கால் உவமை எல்லாம் சேர்த்து ஒரு லெக்சரே கொடுத்தேன். மாமா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கேட்டார் ஒரு கேள்வி.

"அந்த எறநூறு பேர் என்ன ஆனாங்க மாப்ளே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீடு எத்தனை சதுர அடி, குதிரை எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது, கோர்ட்டு என்ன சொன்னது, எல்லாம் எழுதியிருக்கிறார்கள். இருநூறு குடும்பத்தில் எத்தனை பிள்ளை பள்ளிக்கூடம் போயிற்று என்று நான் படித்த எதிலும் இல்லை.

"அது... தெரியலை மாமா."

"ஒண்ணு ரெண்டாவது பி.காம். படிச்சிருக்கும்ல?" என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

ஏனென்றால், எல்.கே.ஜி.யிலிருந்து பத்தாவது வரைக்கும் என்னை மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்க வைத்தது மாமாவின் துபாய்ப் பணம். "மாப்ளேயை டாக்டராக்கறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பத்தாவது எழுதின வருஷம் அவர் திரும்பி வந்தார். சயின்ஸ் குரூப் எடுத்தால் டியூஷன் ஃபீஸ் கட்ட முடியாது என்பதால் காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தேன். அப்புறம் பி.காம். ஆக, ஹாமரின் சம்பளப் பட்டியலைச் சிவப்பு மையில் வட்டம் போட்ட நான், மாமாவின் சம்பளப் பட்டியலில் இருந்த ஆள். அந்தப் படிப்புக்கு வட்டம் போட எந்த மையை எடுப்பது?

கணக்குப் பாடம் தப்பு என்று நான் சொல்லவில்லை. நிரந்தரச் செலவு நிரந்தரச் செலவுதான். முதல் சம்பளம் வாங்குகிற தம்பிகள் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். ஆனால் எவ்வளவு, எதுவரைக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இது நல்ல வருஷத்துக் காசு, எல்லா வருஷமும் வராது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஹாமருக்கும் மாமாவுக்கும் சொல்ல வராமல் போனது அந்த ஒரு வாக்கியம்தான். ஐந்தொகை ஒருத்தன் என்ன இழந்தான் என்று காட்டும். யார் யார் சாப்பிட்டார்கள் என்று அதில் எழுத இடமில்லை. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது சொன்னேன். "மாமா, இனிமே மாசாமாசம் உங்களுக்கு ஏதாவது அனுப்பறேன்."

"வேணாம்டா. மாசாமாசம்னு ஆரம்பிச்சா அது சம்பளம் ஆயிடும்னு நீதானே இப்ப சொன்னே! தொழில் கையில இருக்கு, ஓடுது. வேணும்னா தீபாவளிக்கு ஒரு பேன்ட் எடுத்துக் குடு, போதும்."

"ஹாமர் பேன்ட்டா மாமா?"

"சீ, போடா!" என்றார் மாமா. "இந்தத் தடவை அளவெடுத்தே தைச்சுடலாம்."